ஷார்ட் ஸ்கேல் பேஸ் கிட்டார் வாங்கப் போகிறீர்களா? டேப்பைக் கையில் எடுங்கள்

கை சின்னது, சின்ன பேஸ் போதும் என்று கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு முறை செலவழிக்கிறார்கள். பேஸுக்கு ஒரு முறை. பிறகு தடித்த ஈ கம்பி ஏன் கொழகொழவென்று ஒலிக்கிறது, தலைப்பக்கம் ஏன் தாழ்கிறது, வாங்கிவந்த கம்பி ஏன் பொருந்தவில்லை என்று அதைச் சரிசெய்ய இன்னொரு முறை. நீள பேஸின் குட்டி என்று நினைத்து வாங்குவதில்தான் கோளாறு ஆரம்பிக்கிறது. ஸ்கேல் என்பது கம்பியின் அதிரும் நீளம். அது குறைந்த ஷார்ட் ஸ்கேலில் கம்பி தொய்வாக இருக்கும். மாடல், கம்பி, செட்டப் (கழுத்து வளைவு, கம்பி உயரம் முதலியவற்றைச் சரிசெய்வது) ஆகிய மூன்றையும் அந்தத் தொய்வை மனதில் வைத்தே முடிவுசெய்ய வேண்டும்.

இங்கே சொல்வதெல்லாம் 4 கம்பி பேஸுக்கு. 30 அங்குலத்தில் 5 கம்பி தேடுகிறவர்கள் இரண்டாம் படியைப் படித்துவிட்டு இன்னொரு தடவை யோசிக்கலாம்.

1. ஸ்கேலை நீங்களே அளந்துவிடுங்கள்

நட்டின் (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் காடிக்கட்டை) விளிம்பிலிருந்து 12ஆம் ஃபிரெட் (விரல் பலகையின் குறுக்கே ஓடும் உலோகக் கோடு) வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 15 அங்குலம் (381 மி.மீ.) இருந்தால் அது 30 அங்குல பேஸ், அதாவது ஷார்ட் ஸ்கேல். 16 என்றால் மீடியம். 17 என்றால் வழக்கமான 34 அங்குல நீள பேஸ். நட்டிலிருந்து பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகம்) வரை அளந்து கணக்குப் போடாதீர்கள். சுருதி சேர்வதற்காக ஒவ்வொரு கம்பியின் சேடிலும் (பிரிட்ஜில் கம்பி உட்காரும் சிறு துண்டு) ஒவ்வொரு அளவுக்குப் பின்தள்ளி இருக்கும், அளவு தப்பிவிடும்.

இது வீண் வேலை என்று தோன்றலாம். ஆனால் பெயரை நம்ப முடியாது. ஐபனெஸ் டால்மன் டிஎம்பி30 என்பது 30 அங்குலம். கிட்டத்தட்ட அதே உருவத்தில் இருக்கும் டிஎம்பி100 34 அங்குலம். ஸ்குவயர் ஜாகுவார் பேஸ் இரண்டு நீளத்திலும் வந்திருக்கிறது. பழைய பொருள் விற்கும் விளம்பரங்களில் உடல் சின்னதாகத் தெரிந்தாலே ஷார்ட் ஸ்கேல் என்று எழுதிவிடுகிறார்கள். 12ஆம் ஃபிரெட்டில் டேப் வைத்து ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்கினால் அடுத்ததைப் பாருங்கள்.

கைக்கு எவ்வளவு மிச்சம்? முதல் ஃபிரெட்டுக்கும் நான்காம் ஃபிரெட்டுக்கும் இடையே 34 அங்குலத்தில் ஏறக்குறைய 130 மி.மீ., 30 அங்குலத்தில் 114 மி.மீ. பதினைந்து மி.மீ. மிச்சம். விரல் நீட்டும்போது இது பெரிய வித்தியாசம்தான். ஆனால் எட்டவில்லை என்பது மட்டுமே உங்கள் குறை என்றால், முதல் ஐந்து ஃபிரெட்டுகளில் மோதிர விரலைத் தனியாகப் பயன்படுத்தாமல் 1-2-4 என்ற விரல் முறையில் ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். டபுள் பேஸ்காரர்களின் பழைய வழி அது. காசு மிச்சமாகவும் வாய்ப்புண்டு.

நட்டின் அகலத்தையும் அளங்கள். ஸ்குவயர் பிராங்கோ, ஃபெண்டர் மஸ்டாங் இரண்டிலும் 38 மி.மீ. ஹாஃப்னர் வயலின் பேஸில் 42 மி.மீ. அளவில் இருக்கும். சின்னக் கைக்கு ஸ்கேலைவிட இந்த நான்கு மி.மீ.தான் சில சமயம் தீர்மானிக்கிறது.

2. தொய்வு என்ன செய்யும்?

ஒரே கம்பியை ஒரே சுருதிக்கு முறுக்கினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும். 34இலிருந்து 30க்கு வந்தால் இழுவிசை சுமார் 22 சதவீதம் குறைகிறது. ஐபனெஸ் மைக்ரோ ஜிஎஸ்ஆர்எம்20 போன்ற 28.6 அங்குல பேஸில் 29 சதவீதம்.

இதனால் வரும் நன்மைகள்: அழுத்த எளிது, கம்பியை வளைத்துக் கமகம் போல இழுக்கலாம், விரல்நுனி சீக்கிரம் வலிக்காது. ஒலியில் அடிநாதம் முன்னுக்கு வந்து, மேல்சுரங்களின் கூர்மை குறையும். அந்த உருண்டையான ஒலிக்காகவே பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னியும் கிரீம் குழுவின் ஜாக் புரூஸும் நினைவுக்கு வருகிறார்கள். ஜாஸ் பேஸ் கலைஞர் ஸ்டான்லி கிளார்க் வாசிப்பதும் ஷார்ட் ஸ்கேல்தான். பொம்மை என்று யாராவது சொன்னால் இந்த மூன்று பெயர்கள் போதும்.

தீமைகள்: தொய்ந்த கம்பி அதிகமாக வீசி ஆடும், ஆகவே ஃபிரெட்டில் உரசும். பலமாக மீட்டினால் ஸ்வரம் முதல் கணத்தில் சற்று ஏறி ஒலித்துப் பிறகு இறங்கும். அழுத்தி வாசிக்கும் பழக்கம் உள்ளவர்களின் இடது கையே சுருதியைக் கெடுத்துவிடும். ஈ கம்பி (41.2 ஹெர்ட்ஸ்) சமாளிக்கும். அதை டீக்கு இறக்கினால் தளர்ந்துவிடும். 5 கம்பி பேஸின் 30.9 ஹெர்ட்ஸ் பி கம்பியோ 30 அங்குலத்தில் கொடிக்கயிறு மாதிரி ஆடும். கீழே இறக்கி வாசிக்கும் மெட்டல் பேண்டில் சேரப் போகிறீர்கள் என்றால் இந்த வகையே உங்களுக்கு வேண்டாம்.

3. ஒலியை வைத்து மாடலைக் குறுக்குங்கள்

ஷார்ட் ஸ்கேல் என்பதற்கு ஒரே ஒலி கிடையாது. பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் காந்தச் சுருள்) எங்கே இருக்கிறது, உடல் உள்ளீடற்றதா என்பவற்றைப் பொறுத்து நான்கு வழிகள் பிரிகின்றன.

மலிவு வழி: ஸ்குவயர் பிராங்கோ. ஒரு பிக்கப், ஒரு வால்யூம், ஒரு டோன், 19 ஃபிரெட். அமெரிக்க விலையில் 200 முதல் 250 டாலருக்குள் அடங்கும் வகை. இதில் இருப்பது ஃபெண்டர் ஸ்ட்ராட் கிட்டாரில் வரும் அளவிலான சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப், ஆகவே இரைச்சல் கொஞ்சம் உண்டு. அதே குழியில் பொருந்தும் வேறு பிக்கப்பை மாற்றிக்கொள்ள வழி இருப்பதால், கையில் சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது நல்ல அடித்தளம். சில மலிவு மாடல்களின் பிரிட்ஜில் இரண்டு கம்பிக்கு ஒரே சேடில்தான் இருக்கும். அப்படியானால் எந்தக் கம்பியின் சுருதியும் முழுமையாகச் சேராது. ஒன்றைச் சரிசெய்தால் பக்கத்துக் கம்பி விலகும். கடையிலேயே எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

இதே விலையில் ஐபனெஸ் மைக்ரோ வருகிறது. பி (பிரிசிஷன்), ஜே (ஜாஸ்) என இரண்டு வகைப் பிக்கப், 22 ஃபிரெட். பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடைப்பது கடினம். பெரியவர்கள் வாங்கினால் மேல் ஃபிரெட்டுகளில் விரல் நெருக்கியடிக்கும், ஈ கம்பியின் தொய்வும் தெரியும்.

எல்லாவற்றுக்கும் ஒத்துவரும் வழி: ஃபெண்டர் பிளேயர் வரிசையின் மஸ்டாங் பிஜே. நடுவில் பி, பிரிட்ஜ் பக்கம் ஜே. பேண்டில் டிரம்ஸோடு சேரும்போது ஒலி மங்காமல் நிற்கும். பிராங்கோவைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு விலை. ஒரே பேஸ்தான் வாங்க முடியும், சினிமாப் பாட்டு, சர்ச், ராக் எல்லாம் வாசிக்க வேண்டும் என்கிறவர்கள் பணம் சேரும்வரை காத்திருந்து இதை வாங்குவதே மேல். ஸ்டெர்லிங் நிறுவனத்தின் ஸ்டிங்ரே ஷார்ட் ஸ்கேலும் இதே தேவைக்குத்தான். ஒரே ஹம்பக்கர் (இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்), கொஞ்சம் கடினமான ஒலி.

கனத்த வழி: கிப்சன் எஸ்ஜி பேஸ், அதைப் போன்ற கிப்சனின் பழைய ஈபி வகைகள். எஸ்ஜியின் ஸ்கேல் 30.5 அங்குலம். நெக்கை (கழுத்தை) ஒட்டிப் பெரிய ஹம்பக்கர் இருப்பதால் ஒலி தடித்து, சேறு மாதிரி பரவும். தனியாக வாசிக்கும்போது அறையே அதிரும்; பேண்டில் கீபோர்டு இடது கை சேர்ந்ததும் உங்கள் ஸ்வரம் எது என்றே தெரியாது. பிரிட்ஜ் பக்கம் இரண்டாவது பிக்கப் இருக்கும் வகையைத் தேர்ந்தெடுங்கள்.

உள்ளீடற்ற வழி: ஹாஃப்னர் வயலின் பேஸ். சீனாவில் செய்யப்படும் இக்னிஷன் வரிசை மலிவு. ஜெர்மனியில் செய்யப்படும் 500/1 பல மடங்கு விலை. எடை மிகக் குறைவு, டபுள் பேஸை நினைவூட்டும் குறுகிய நாதம். மேடையில் ஆம்பை (ஒலிபெருக்கிப் பெட்டியை) உரக்க வைத்தால் ஊளையிடும். பலகையில் ரிதம், சோலோ என்று ஒரு சுவிட்ச் இருக்கும். ரிதத்தில் வைத்தால் ஒலி குறையும். கெட்டுவிட்டது என்று கடைக்குத் திரும்ப எடுத்துப் போகாதீர்கள்.

4. கடையில் பத்து நிமிடம்

சுருதி காட்டும் சொந்த டியூனர், ஒரு ஸ்ட்ராப், டேப் மூன்றையும் எடுத்துப் போங்கள். கடைக்காரர் வாசித்துக் காட்டுவதை ரசித்துக்கொண்டிருந்தால் பேஸின் குறை ஒன்றும் தெரியாது, அவருடைய கை மட்டும்தான் தெரியும்.

முதலில் ஸ்ட்ராப் போட்டு நின்று இரண்டு கைகளையும் எடுத்துவிடுங்கள். தலை தரையைப் பார்த்துச் சரிந்தால் அது நெக் டைவ். ஷார்ட் ஸ்கேலில் உடல் லேசு, தலையில் கம்பியை முறுக்கும் ஆணிகளோ (இவற்றுக்கும் டியூனர் என்றுதான் பெயர்) பல மாடல்களில் பெரியவை. அதனால் இது அடிக்கடி வரும். எஸ்ஜி உருவங்களில் இன்னும் அதிகம். கொஞ்சம் சரிந்தால் உட்புறம் சொரசொரப்பான அகலத் தோல் ஸ்ட்ராப் தாங்கிக்கொள்ளும். நன்றாகவே சரிந்தால் லேசான டியூனர் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவையும் விலையில் கூட்டிப் பாருங்கள். இடது கை நெக்கைத் தாங்கிக்கொண்டே வாசித்தால் மணிக்கட்டு வலிதான் மிச்சம்.

அடுத்து சுருதி சேர்த்து, நான்கு கம்பிகளிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக மெதுவாக வாசியுங்கள். ஒரே ஒரு ஃபிரெட்டில் மட்டும் உரசினால் அந்த ஃபிரெட் தேய்ந்து தாழ்ந்திருக்கிறது, அல்லது அதற்கு அடுத்தது உயர்ந்திருக்கிறது. எல்லா இடத்திலும் லேசாக உரசினால் பயப்பட வேண்டாம், அது செட்டப்பில் போய்விடும். ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாம் ஃபிரெட் வரை ஒவ்வொரு ஸ்வரத்தையும் நீளவிட்டுக் கேளுங்கள். ஒன்று மட்டும் சட்டென்று செத்துப்போனால் அது நெக்கின் அதிர்வோடு சம்பந்தப்பட்ட டெட் ஸ்பாட். செட்டப்பில் போகாது. அதே மாடலில் இன்னொன்றைக் கேளுங்கள்.

நட் சோதனை: மூன்றாம் ஃபிரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு, முதல் ஃபிரெட்டுக்கு மேலே பாருங்கள். தாள் நுழையும் அளவு இடைவெளி இருந்தால் சரி. நன்றாகத் தெரியும் இடைவெளி என்றால் நட் உயரம். முதல் இரண்டு ஃபிரெட்டுகளின் ஸ்வரங்கள் ஏறி ஒலிக்கும், தொய்ந்த கம்பியில் இது இரட்டிப்பாகத் தெரியும். மலிவு பேஸ்களில் அநேகமாக இந்தக் குறை உண்டு. நட்டைச் சீவத் தெரிந்தவர் கையில் அரை மணி நேர வேலை.

கடைசியாக எல்லாக் குமிழ்களையும் திருகிக் கரகரப்பு இருக்கிறதா, ஒயர் சொருகும் இடம் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆம்ப் சின்னதாக இருக்கட்டும். பெரிய கேபினெட்டில் எந்த பேஸும் நன்றாகத்தான் ஒலிக்கும்.

5. கம்பி: அதிகம் ஏமாறும் இடம்

பேஸோடு வரும் கம்பி பெரும்பாலும் ரொம்ப நாளாகக் கடையில் தொங்கியது. பிடிக்கவில்லை என்று பேஸைக் குறை சொல்லும் முன் கம்பியை மாற்றிக் கேளுங்கள்.

ஆனால் எந்த பேஸ் செட்டையும் வாங்கி வெட்டிப் போடக் கூடாது. பேஸ் கம்பியின் தடித்த சுற்று ஒரு நீளத்துக்குத்தான் இருக்கும். அதன்பிறகு மெலிந்து, பட்டு நூல் சுற்றிய வால் வரும். நட்டைத் தாண்டிய பிறகுதான் இந்த மெலிவு வர வேண்டும், டியூனர் தண்டில் வால் மட்டும் சுற்ற வேண்டும். 34 அங்குலக் கம்பியை 30 அங்குல பேஸில் போட்டால் தடித்த பாகமே தண்டில் சுற்றும். ஈ கம்பி உடையும், அல்லது சுற்று தளர்ந்து ஒலி செத்துப்போகும். உறையில் ஷார்ட் ஸ்கேல் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். டிஅடாரியோவில் ஈஎக்ஸ்எல் 170 நீள பேஸுக்கு. கடைசியில் எஸ் எழுத்து சேர்ந்ததுதான் ஷார்ட் ஸ்கேல். அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் வாங்கியவர்கள் ஏராளம்.

அளக்க வேண்டியது ஸ்கேல் கூட இல்லை: கம்பியின் உருண்டை முனை உட்காரும் இடத்திலிருந்து நட் வரை உள்ள தூரம். கம்பியின் தடித்த பாகம் அதைவிட ஒன்று, இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு இடங்களில் இது காலை வாரும். கம்பி உடலின் பின்பக்கத்திலிருந்து துளைத்து வரும் மஸ்டாங் வகை. பலகையின் கனம் கூடுகிறது. பிரிட்ஜுக்கு வெகு பின்னால் வால்துண்டு இருக்கும் ஹாஃப்னர். சாதாரண ஷார்ட் ஸ்கேல் செட் போட்டால் மெல்லிய வால் ஃபிரெட்டுக்கு மேலேயே வந்து நிற்கும், இதற்கென்றே லா பெல்லா போன்றவர்கள் தனி செட் செய்கிறார்கள். 28.6 அங்குல மைக்ரோவில் இந்தச் சிக்கல் இல்லை. இதற்கு ஷார்ட் ஸ்கேல் செட்டே போதும்.

தொய்வு பிடிக்கவில்லையா? கம்பியைத் தடிமனாக்குங்கள். 34 அங்குலத்தில் .100 ஈ கம்பி தரும் இறுக்கம் 30 அங்குலத்தில் வேண்டுமென்றால் கணக்குப்படி .113 வேண்டும். அவ்வளவு தூரம் போக வேண்டாம், .105 போட்டாலே வித்தியாசம் தெரியும். தடிமன் ஏறினால் நட்டின் காடியில் கம்பி உட்காருகிறதா என்று பாருங்கள். உட்காராமல் மேலே நின்றால் காடியை அகலப்படுத்த வேண்டும். ஃபிளாட்வூண்ட் (வழவழப்பான தட்டைச் சுற்றுள்ள) கம்பிகள் பொதுவாக இறுக்கமானவை. ஷார்ட் ஸ்கேலின் உருண்டை ஒலிக்கு அவை நன்றாகப் பொருந்தும், விலை இரண்டு மடங்கு, ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கடலோர ஊர்க்காரர்களுக்கு இது சிக்கனமும்கூட: சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ரவுண்ட்வூண்ட் (உருண்டைச் சுற்றுள்ள சாதாரண) கம்பியைத் துடைக்காமல் விட்டால் துரு சீக்கிரம் ஏறும்.

வாலை வெட்டும் முன், வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் 90 பாகையில் மடித்துவிடுங்கள். மடிக்காமல் வெட்டினால் சுற்று உள்ளேயே அவிழ்ந்து கம்பி வீணாகும். ஹாஃப்னரில் கம்பிகளை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். அதன் மரப் பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல, கம்பியின் அழுத்தத்தில் நிற்பது. எல்லாவற்றையும் கழற்றினால் இடம் பெயர்ந்துவிடும். முன்கூட்டியே பேப்பர் டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

6. செட்டப், இந்த வரிசையில்தான்

சுருதி, நெக்கின் வளைவு, கம்பி உயரம், இன்டோனேஷன் (மேல் ஃபிரெட்டுகளிலும் சுருதி சேர்வது), பிக்கப் உயரம். வரிசையை மாற்றினால் செய்ததையே மறுபடி செய்வீர்கள்.

முதல் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, ஈ கம்பியைக் கடைசி ஃபிரெட்டில் அழுத்தி, எட்டாம் ஃபிரெட்டில் இடைவெளியைப் பாருங்கள். 0.3 முதல் 0.35 மி.மீ. இருக்கட்டும். கூட்டவோ குறைக்கவோ டிரஸ் ராடை (நெக்குக்குள் இருக்கும், வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டு) கால் சுற்று மட்டும் திருகி, ஒரு ராத்திரி விட்டு மறுநாள் அளங்கள். மறை பிடிவாதம் செய்தால் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொடுங்கள். உடைந்த டிரஸ் ராடை மாற்றும் செலவு மலிவு பேஸின் விலையையே தாண்டும்.

கம்பி உயரம் 12ஆம் ஃபிரெட்டில் ஈ பக்கம் 2.4 மி.மீ., ஜி பக்கம் 2 மி.மீ. என்று ஆரம்பியுங்கள். நீள பேஸில் பழகியவர்கள் இன்னும் தாழ்த்தச் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஷார்ட் ஸ்கேல் கம்பி வீசி ஆட இடம் வேண்டும்.

இன்டோனேஷனில் ஈ கம்பி தகராறு செய்யும். 12ஆம் ஃபிரெட்டில் அழுத்திய ஸ்வரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஸ்வரம்) ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். முழுக்கப் பின்னுக்கு வந்தும் சேரவில்லை என்றால், சேடிலுக்குப் பின்னாலுள்ள ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் அல்லது பாதியாக வெட்டினால் சில மி.மீ. கிடைக்கும். பழைய கம்பியில் இந்த வேலையைச் செய்யவே செய்யாதீர்கள், ஒருபோதும் சேராது.

பிக்கப்பைக் கம்பிக்கு மிக நெருக்கி வைத்தால் ஒலி கூடும் என்று தோன்றும். தொய்ந்த கம்பியைக் காந்தம் இழுத்து ஸ்வரத்தைத் தள்ளாட வைக்கும்.

7. காசு, ரசீது, நாள்

கையில் 100 ரூபாய் இருந்தால் 75க்குத்தான் பேஸ். பத்து ரூபாய் கம்பிக்கு, பத்து செட்டப்புக்கு, ஐந்து ஸ்ட்ராப்புக்கும் பைக்கும். நூறையும் பேஸுக்கே கொடுத்துவிட்டுச் செட்டப் இல்லாமல் வாசிப்பதைவிட, ஒரு படி குறைந்த பேஸைச் செட்டப் செய்து வாசிப்பது மேல். பை வாங்கும்போது பேஸின் மொத்த நீளத்தை அளந்து வாங்குங்கள்: கிட்டார் பை பெரும்பாலும் பத்தாது, நீள பேஸ் பையில் உள்ளே உருளும். ஆம்ப் கணக்கு தனி. கிட்டார் ஆம்பில் மெதுவாகப் பழகலாம், உரக்க வைத்தால் ஸ்பீக்கர் கிழியும்.

ரசீதில் மாடல் பெயர், நிறம், சீரியல் எண் மூன்றும் இருக்க வேண்டும். "பேஸ் கிட்டார் – 1" என்று மட்டும் எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு உத்தரவாதம் கேட்டால் வாதாடித்தான் வாங்க வேண்டும். ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு எந்த நாளிலிருந்து ஓடுகிறது, திருப்பி அனுப்பும் கூலி யாருடையது என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பெட்டி வந்ததும் சில மணி நேரம் அறையில் வைத்துவிட்டு, பிரிப்பதை வீடியோ எடுத்துக்கொண்டு திறங்கள். நான்காம் படியின் சோதனைகளை அன்றே முடியுங்கள். கெடு முடியும்வரை பிக்கார்ட் (உடலின் முன்பக்கப் பாதுகாப்புத் தகடு) மேலுள்ள பிளாஸ்டிக்கை உரிக்காதீர்கள், நட்டில் அரம் வைக்காதீர்கள், பெட்டியை எறியாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்து மகிழ வேண்டாம். கூரியர், சுங்கம், வரி எல்லாம் சேர்த்த பிறகு உள்ளூர் விலையோடு ஒப்பிடுங்கள். ரோஸ்வுட் ஃபிரெட் பலகைக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமா என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. 2019 நவம்பர் 26 முதல் செய்து முடிந்த இசைக்கருவிகளுக்கு அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. பிரேசில் ரோஸ்வுட் மட்டும் விலக்கு இல்லை. 1960களின் பழைய பேஸ் வாங்கி எல்லை தாண்டுகிறவர்கள் காகிதம் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

புதுக் கம்பி நிலைக்க இரண்டு மூன்று நாள் ஆகும். வாங்கிய ஒரு வாரத்திலும், மழைக்காலம் தொடங்கியதும் நெக்கின் வளைவை மறுபடி அளங்கள்.

8. பழையது வாங்கினால்

டிரஸ் ராட் திருகுகிறதா என்று விற்பவர் முன்னாலேயே சோதியுங்கள். ஏற்கெனவே முழுக்க இறுக்கியிருந்தால் அந்த நெக்குக்கு இனி திருத்தம் கிடையாது. ஒன்று முதல் ஐந்தாம் ஃபிரெட் வரை கம்பிக்கு அடியில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவுங்கள். ஈபி உருவங்களில் தலை நெக்கோடு சேரும் வளைவில் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். கீழே விழுந்து ஒட்டியிருந்தால் மெல்லிய கோடு அங்கேதான் தெரியும். ஹாஃப்னரில் உடலின் ஓர மூட்டுகளைச் சுற்றிலும் விரல் முட்டியால் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் சலசலத்தால் பசை விட்டிருக்கிறது.